தனக்கென்று எதுவும் கேட்காத குரல்

"இன்னும் எவ்வளவு நேரம்டி?"

"ஆச்சுக்கா. இன்னும் நாலே வரி."

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணுமே..."

"முடிச்சுட்டுக் கேளேன். நடுவுல பேசினா அதுவும் பதிவாயிடும்."

அக்காவும் தங்கையும் கடைசியாகப் பேசிக்கொண்டது இவ்வளவுதான். நம் சிநேகிதிக்கு ஓர் அண்ணி இருக்கிறாளே, அவள்தான் அந்தத் தங்கை. விளக்கு அணைந்தபடியே இருக்கட்டும். நெருங்கி உட்கார்ந்து கேளுங்கள்.

தங்கைக்கு ரோபோ வடிவமைக்கிற வேலை. ஒரு பெரிய ஹோட்டலில் விருந்தினருக்கு உதவ ஒன்று கேட்டிருந்தார்கள். இடுப்பு உயரம், நாலு சக்கரம், வயிற்றில் துண்டும் தண்ணீர் பாட்டிலும் வைக்க ஒரு தட்டு. அழைத்தால் அறை வாசலில் போய் நிற்கும். எல்லாம் சரியாக வந்தது, குரல் மட்டும் வரவில்லை. எதைப் போட்டாலும் பஸ் நிலைய அறிவிப்பு மாதிரியே இருந்தது.

அதே ஹோட்டலில்தான் அக்காவுக்கு வரவேற்பு மேஜையில் ராத்திரி வேலை. எரிச்சலோடு வந்து நிற்கிறவர்கள்கூட அவள் இரண்டு வார்த்தை பேசினால் இளகிவிடுவார்கள்.

"என் குரல்தானே, எடுத்துக்கோ. தேய்ஞ்சா போயிடும்?" என்றாள் அக்கா.

ராத்திரியெல்லாம் விழித்துவிட்டு, கண் சிவக்க, நெற்றி நிறையத் தைலத்தோடு காலையில் வந்து உட்காருவாள். மதியம் வரை பேச வைப்பாள் தங்கை. அந்தக் கடைசி நாள் பதிவு முடிந்ததும் கணினிக்குள் தலையைக் கவிழ்த்தவள் நிமிரவே இல்லை. என்ன கேட்க வந்தாய் என்று கேட்கவில்லை. அக்கா கதவருகே சற்று நின்றாள். பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நேரான சாலை... நல்ல வெயில்... எதிரே ஒரு வண்டி கிடையாது. பிரேக் பிடித்த தடமும் இல்லை. ஓட்டிக்கொண்டே தூங்கி, அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றார்கள்.

ரோபோவிலிருந்து அந்தக் குரலை நீக்கிவிடலாம் என்று ஹோட்டல்காரர்களே சொன்னார்கள். தங்கைதான் மறுத்தாள். "அக்கா ஆசையா குடுத்தது" என்று எல்லோரிடமும் சொன்னாள். வேறு குரலுக்கு இனி நேரமில்லை என்பதைத் தன்னிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

ரோபோ ஓட ஆரம்பித்தது. "நம்மள்ல லீவு கேக்காத ஒரே ஆளு இவதான்" என்று ஊழியர்கள் கேலி செய்வார்கள். எப்படிக் கேட்கும்? தனக்கென்று எதையும் கேட்கக் கூடாது என்றுதானே தங்கை அதை அமைத்திருந்தாள். விருந்தினர் 'ஒண்ணும் வேண்டாம்' என்று சொன்னால்தான் வாசலை விட்டு நகரும்.

முதல் வாரம் கூடவே இருந்து கவனிக்க வேண்டுமென்று தங்கையும் அங்கேயே ஓர் அறையில் தங்கினாள். ஒரு நாள் காலை, ராத்திரி வேலைக்காரர்கள் வீட்டுக்குக் கிளம்பும் நேரம். விடிந்த பிறகு பேய் வருமா என்று கேட்காதீர்கள். அவர்களுக்கு அதுதானே ராத்திரி.

வெளியே, நடைவழிக் கம்பளத்தில் சக்கரம் உரசியது. ஸ்ஸ்... ஸ்ஸ்... தங்கையின் அறை வாசலில் வந்து நின்றது. அவள் அழைக்கவில்லை.

கதவைத் திறந்தாள். அக்காவின் குரலில் ரோபோ கேட்டது: "உங்களுக்கு ஏதாவது வேணுமா?"

"ஒண்ணும் வேண்டாம்."

நகரவில்லை. "உங்களுக்கு ஏதாவது வேணுமா?"

"ஒண்ணும் வேண்டாம்கறேன்ல."

குனிந்து அதன் முதுகிலிருந்த சுவிட்சை அணைத்தாள். முகத்தில் எரிந்த நீல விளக்கு செத்தது. சக்கரத்தின் முனகல் நின்றது.

அப்புறம்... அணைந்த அந்தப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு கொட்டாவி. நீளமாக, அலுப்பாக, முடிவில் மெல்லிய 'அம்மா'வோடு. பதிவில் இருந்த அத்தனை கொட்டாவிகளையும் அவள்தான் உட்கார்ந்து, ஒன்று விடாமல் வெட்டி எறிந்திருந்தாள்.

தைல வாசனை வந்தது.

பின்புறமாகவே நகர்ந்து வந்து கட்டிலில் இடித்து உட்கார்ந்தாள். ஓடத்தான் தோன்றியது. ஆனால் அன்றைக்கு நிமிராத தலை இன்றைக்கு நிமிர்ந்தது.

"என்னக்கா... என்னமோ கேக்கணும்னியே. கேளுக்கா."

வாசலில் அது அசையாமல் நின்றது.

பிறகு அவள் முதுகுக்குப் பின்னால், தலையணைப் பக்கமிருந்து அந்தக் குரல் வந்தது.

"கொஞ்சம் தள்ளிக்கோடி... செத்த நேரம் படுத்துட்டுப் போறேன்."