முதல் பத்து நிமிடம்

எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. எங்கள் சோதனை அறையில் சால்வை போர்த்திக்கொண்டு வேலை பார்ப்பவள் நான் ஒருத்திதான். நீங்கள் எடுத்துப்போன பொருட்களில் அந்தப் பழுப்புச் சால்வையும் இருக்கிறது. விசாரணை முடிந்ததும் கொடுத்தால் நல்லது. என் தங்கை வாங்கித் தந்தது.

நடந்தது புரிய எங்கள் வேலை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். கணினிகளின் பிராசஸர்களை ஓடவிட்டு, எது எவ்வளவு வேகம் என்று எண் போடுவோம். மேசைக் கணினிக்கான பிராசஸர் எடுத்த எடுப்பில் பறக்கும். சூடேறியதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சர்வருக்கானது அப்படிப் பறக்காது. ஆனால் இன்று காலை ஓடிய வேகத்திலேயே நாளைக் காலையும் ஓடும். அதனால் எங்கள் அறையில் ஒரு வழக்கம்: முதல் பத்து நிமிட ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டோம். அதற்கு 'சூடு பத்து' என்று பெயர். அந்த நேரத்தில்தான் எல்லோரும் டீ குடிக்கப் போவார்கள்.

ஒரு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்குக் கணினி தேவைப்பட்டது. இருபது குழந்தைகளின் மூச்சையும் நாடியையும் அது கவனிக்க வேண்டும். ஏதாவது குறைந்தால் செவிலியர் மேசையில் மணி அடிக்க வேண்டும். மேசைக் கணினி வகையே போதும் என்று கூட்டத்தில் சொன்னேன். நம்பித்தான் சொன்னேன்.

"அக்காவ விட்டா, ஸ்கூல் புள்ளைங்க கேம் ஆடுற கம்ப்யூட்டரயே ஆஸ்பத்திரில கொண்டுபோய் வச்சிருவாங்க," என்றார் தலைமைப் பொறியாளர்.

"கூடவே மவுஸ் ஃப்ரீயாக்கா?" என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அங்கே எனக்குப் பதினோரு வருட வேலை. சிரிப்பு முடிந்த பிறகும் என் வாய் அப்படியே நின்றுவிட்டது. கையால் தடவி இறக்க வேண்டியிருந்தது.

ஒப்பீட்டுச் சோதனை என் பொறுப்பு. மேசை வகை, சர்வர் வகை இரண்டையும் ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். நாற்பதாவது நிமிடத்தில், நான் சொன்னது தவறு என்று தெரிந்துவிட்டது. மேசை வகையின் வேகம் பாதிக்கும் கீழே போயிருந்தது. நான் எந்த எண்ணையும் மாற்றவில்லை. சூடு பத்தை வைத்துக்கொண்டு மீதி ஐம்பதை விட்டுவிட்டேன், அவ்வளவுதான். இரண்டுக்கும் ஒரே மாதிரி. இதற்கொரு நியாயம் அதற்கொரு நியாயம் என்று நான் நடந்துகொள்ளவில்லை. மேசை வகை ஜெயித்தது.

"உங்ககிட்ட தோத்துட்டேன்க்கா," என்றார் தலைமைப் பொறியாளர், எல்லோர் முன்னாலும். அன்று மட்டும் எனக்குச் சால்வை தேவைப்படவில்லை.

கணினியை அந்தப் பிரிவில் ஓர் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள். என் தங்கை அங்கேதான் செவிலியாக இருந்தாள். ஐந்தாவது வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தாள்.

"அக்கா, மருந்து குடுக்கப் போனா புள்ள நீலம் பாரிச்சுக் கெடக்கு. நான் தூக்குனதுக்கு அப்புறம்தான் மணி அடிக்குது. போயிருச்சுக்கா."

"அதுக்கு முன்னாடி நீ எங்க இருந்த?"

"மேசைலதான்க்கா. சத்தியமா."

"நல்லா யோசிச்சுப் பாரு. முன்னாடியே அடிச்சிருக்கும். பராக்குப் பாக்குறதுதான் சின்ன வயசுலேருந்தே உனக்குப் பழக்கமாச்சே."

"அப்படியாக்கா?" என்றாள். என் பேச்சை அவள் என்றைக்கும் தட்டியதில்லை.

போனை வைத்ததும் என் மேசையிலிருந்தே அந்தக் கணினியின் பதிவுகளைத் திறந்தேன். பிராசஸரின் சூடு தொண்ணூற்றெட்டு டிகிரி. மணி நாற்பத்தோரு நொடி தாமதம். கணினியை மாற்றுங்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதவும் செய்தேன். ஏன் என்று தலைமைப் பொறியாளர் கேட்பார், அப்போது பக்கத்து நாற்காலிக்காரியும் இருப்பாள் என்று தோன்றியது. அழித்துவிட்டேன். தவிர, ஒரே ஒரு பதிவை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது என்பது எங்கள் துறையின் பாடம். குறைந்தது இரண்டு வேண்டும். காத்திருந்தேன்.

ஒன்பதாவது நாள் இரண்டாவது பதிவு கிடைத்தது. பெண் குழந்தை. ஐம்பத்திரண்டு நொடி.

அந்த இரண்டு பதிவுகளையும் நீக்கியது நான்தான். கணினியில் குறை இல்லை என்று மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்ததும் நான்தான். ஒரு மணி நேரச் சோதனையின் முழு எண்களை மட்டும் தொடவில்லை. மூல எண்களைச் சோதனை செய்தவரே அழிப்பது முறையல்ல. அதை வைத்துத்தான் நீங்கள் என்னிடம் வந்து சேர்ந்தீர்கள்.

தங்கைக்கு வேலை போய்விட்டது. என் வீட்டில்தான் இருக்கிறாள். அவளாகப் பேசுவது குறைவு. எதையாவது செய்துகொண்டிருக்கும்போது சட்டென்று எழுந்து நின்று, "அக்கா, மணி அடிச்சுதா?" என்பாள்.

"அடிச்சுதும்மா, நீதான் கவனிக்கல," என்று பொறுமையாகச் சொல்வேன். வீட்டில் எந்த மணியும் அடித்திருக்காது. ஆனால் அப்படிச் சொன்னால்தான் அவள் அடங்கி உட்காருகிறாள்.

எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சம்மதம். நான் இங்கே இருக்கும் நாட்களில், மணி அடித்தது என்று அவளுக்கு யார் சொல்வார்கள் என்பது ஒன்றுதான் கவலை.