இரண்டு மில்லிமீட்டர்

தங்கை வீட்டுச் சமையலறையில் தண்ணீர்க் குழாயைத் துளைத்தது நான் வேண்டுமென்று செய்ததல்ல. இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. பேட்டரி டிரில் வாங்கி இரண்டாம் நாள் அது. கரண்டி மாட்ட ஒரு பலகை, நாலு துளை, அவ்வளவுதான் வேலை. மூன்றாவது துளையில் சுவர் என் முகத்தில் துப்பியது. மாப்பிள்ளை, அதாவது தங்கையின் வீட்டுக்காரர், ஓடிவந்து ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு, "மச்சான், மெயின் வால்வைப் போய் மூடுங்க. நான் ஆயுசுக்கும் இப்படியே நிக்க முடியாது" என்றார். வால்வைக் கண்டுபிடிக்க எனக்கு இருபது நிமிடம் ஆயிற்று. தங்கை சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிளம்பர் வரும்வரை ஒரே துண்டை மூன்று பேரும் மாற்றி மாற்றி வாங்கித் துவட்டிக்கொண்டோம். என் மனைவி போன பிறகு அப்படி ஒரு நல்ல நாள் எனக்கு வாய்த்ததில்லை.

அதன்பிறகு முறையாகக் கற்றுக்கொண்டேன். சுவருக்குள் குழாயும் ஒயரும் எங்கே ஓடுகின்றன என்று பார்க்காமல் துளை போட்டதில்லை. பாதுகாப்புக் கண்ணாடி மாட்டாமல் விசையைத் தொட்டதில்லை. சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிடுவேன். துளைக்கிற பிட்டை மாற்றும்போது பேட்டரியைக் கழற்றித் தனியே வைப்பேன். பேட்டரியை வெயிலில் வைக்க மாட்டேன், சூடு ஆறாமல் சார்ஜில் போட மாட்டேன், முழுக்கத் தீரவும் விட மாட்டேன். வெயில் கூடாது, ஈரம் கூடாது, பட்டினி கூடாது என்று டாக்டர் எனக்குச் சொன்னதையெல்லாம் அந்த டிரில்லுக்குத்தான் செய்தேன். என் கருவியால் யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

சிக்கல் என்னவென்றால், ஒழுங்காகப் பொருத்திய கம்பிக்காக யாரும் மறுபடி ஆள் கூப்பிடுவதில்லை. எதிர்வரிசையில்தான் தங்கை வீடு. என் ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர்கள் வாசல் தெரியும். ஆனால் கூப்பிடாமல் போய் நிற்க ஒரு காரணம் வேண்டுமல்லவா.

சுவரில் செருகுகிற ஆறு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் பிளக்குக்கு ஆறு மில்லிமீட்டர் துளை போட வேண்டும். அப்போதுதான் திருகாணி உள்ளே போகப்போக பிளக் விரிந்து சுவரைக் கவ்வும். ஒருமுறை குளியலறையில் துண்டுக் கம்பிக்குத் தவறுதலாக எட்டு போட்டுவிட்டேன். இடைவெளியில் கொஞ்சம் சுவர்ப்பட்டி மாவைக் குழைத்து அப்பி மறைத்தேன். அன்றைக்கு இரும்பு மாதிரி நின்றது. ஆறு வாரம் கழித்து போன் வந்தது: "அண்ணே, கம்பி ஆடுது. வந்து பாரேன்." போனேன். டீ குடித்தேன். மாப்பிள்ளையோடு கேரம் ஆடித் தோற்றேன்.

அடுத்த தடவை அது தவறுதல் இல்லை.

திரைச்சீலைக் கம்பி, சாவிப் பலகை, காலணி அலமாரி எல்லாம் ஆறுக்கு எட்டுதான். முகம் பார்க்கும் கண்ணாடிக்கு மட்டும் சரியான துளை போட்டேன். கண்ணாடி விழுந்தால் ஆளுக்கு அடிபடும். அந்த அளவுக்கு யோசிக்கிறவன் நான்.

சென்ற ஆண்டு மாப்பிள்ளைக்கு மூட்டு ஆபரேஷன் நடந்தது. குளியலறையில் பிடித்து எழுந்திருக்க ஒரு கைப்பிடிக் கம்பி தேவைப்பட்டது. தங்கை என்னைத்தான் கூப்பிட்டாள். பெரிய பிளக், எட்டு மில்லிமீட்டர். டிரில்லில் பத்து மாட்டியிருந்தேன்.

உங்கள் முகம் மாறுகிறது. கொஞ்சம் பொறுங்கள். எந்தக் கம்பியும் எடுத்த எடுப்பில் பிடுங்கிக்கொண்டு வராது. முதலில் லேசாக ஆடும், பிறகு பட்டி உதிரும். நிறைய நாள் அவகாசம் உண்டு. ஆடியதும் கூப்பிடுவார்கள், நான் போய்ச் சரிசெய்வேன் என்பதுதான் என் கணக்கு. பேட்டரியை முழு சார்ஜில் வைத்திருந்தேன்.

ஆறு வாரம் போயிற்று. ஏழும் போயிற்று. போன் வரவில்லை.

வேறு ஆளைப் பிடித்துவிட்டார்களோ என்று தோன்றியது. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டேன். கருவிப்பையோடு ஒருவன் தெருவில் திரும்பினாலே எழுந்து நின்றுவிடுவேன். ஒருநாள் ஏணியோடு ஒருத்தன் அவர்கள் வாசலில் நின்றான். இறங்கிப் போய் விசாரித்தால், கேபிள்காரன். மார்க்கெட்டில் தங்கையைப் பார்த்தபோது கேட்டேன்.

"வீட்டுல எல்லாம் சரியா இருக்கா?"

"இருக்கு."

"ஆடறது, கழல்றது ஏதாவது?"

"எல்லாம் அதது இருக்கிற இடத்துல இருக்குண்ணே" என்று வெண்டைக்காயை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பொய் சொல்லும்போது அப்படித்தான் கைக்கு ஒரு வேலை வைத்துக்கொள்வாள்.

எட்டாவது வாரம் நானே போனேன். பையில் டிரில்லும் சரியான பிளக்கும் இருந்தன. கை கழுவுகிற சாக்கில் குளியலறைக்குள் போய்க் கம்பியைத் தொட்டேன். கிழவன் பல் மாதிரி ஆடியது. தரையில் வெள்ளையாகப் பட்டித்தூள் உதிர்ந்து கிடந்தது. பத்து நிமிட வேலை.

நான் செய்யவில்லை. அவர்களே வாய்திறந்து கேட்கட்டும் என்று இருந்தேன். கை கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். மாப்பிள்ளை, "என்ன மச்சான், பையெல்லாம் பலமா இருக்கு?" என்றார். "சும்மாதான், எடைக்கு" என்றேன். சிரித்தார். "தண்ணி நல்லா வருதா?" என்று கேட்டேன். "வருது, வருது" என்றார். கம்பிப் பேச்சையே எடுக்கவில்லை. கேரம் பலகையையும் எடுக்கவில்லை.

ஒன்பது நாள் கழித்து, காலை குளிக்கும்போது அவர் விழுந்தார். பின்மண்டை குழாய்த் திருகில் பட்டது. கம்பி கையிலேயே இருந்தது. ஆஸ்பத்திரி போகும் வழியில் உயிர் போயிற்று.

நீங்கள் வந்து பார்த்துவிட்டு, ஈரத்தரையில் வழுக்கி விழுந்ததாக எழுதிக்கொண்டு போனீர்கள். சுவரில் இருந்த துளைகளை நீங்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நல்ல வேலையைக் கவனிக்காதவர்கள் மோசமான வேலையையும் கவனிப்பதில்லை. போகும்போது என் கையை ஒரு தரம் பார்த்தீர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். பத்து நாள் தூங்கவில்லை. கைகுலுக்கத்தான் பார்த்திருக்கிறீர்கள் போலிருக்கிறது.

ஆக, செய்தது நான்தான். எட்டுக்குப் பத்து போட்டேன். ஆடுவதைப் பார்த்த பிறகும் விட்டுவிட்டு வந்தேன். ஆனால் கொல்ல வேண்டுமென்று நினைக்கவில்லை. அந்த வீட்டின் மேல் எனக்கு இருந்த பிரியம் யாருக்கும் இருந்திருக்காது. அவர்களுக்கும் என்மேல் அப்படித்தான் என்று நேற்றுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

நேற்று அந்தத் துளைகளை அடைத்துக்கொடுக்கப் போனேன். தங்கை குளியலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன்: "கம்பி ஆடுறது உங்களுக்குத் தெரியவே தெரியாதா? ஏன் என்னைக் கூப்பிடலை?"

இந்தத் தடவை அவள் கையில் எந்த வேலையும் இல்லை. என் கண்ணைப் பார்த்தே சொன்னாள்.

"தெரியும்ணே. அவர் விழறதுக்கு மூணு வாரம் முன்னாலேயே தெரியும். உன்னைக் கூப்பிடவான்னு தினமும் கேட்டேன். அவர்தான், 'வேணாம்டி. மச்சான் வந்தா லேசுல கிளம்ப மாட்டார். நான் பார்த்துப் பிடிச்சுக்கறேன்'னு சொல்லிட்டார்."