புள்ளி நகரலன்னா

அந்த நாற்காலி வேணாம் தம்பி, அடியில சக்கரம் வச்சது, நழுவும். கீழ உக்காருங்க. ஜன்னலுக்கு நேரா இல்ல, இப்படி, சுவரோட முதுகு ஒட்டுற மாதிரி. தலையைத் தூக்காதீங்க. சொன்னேன்ல? பாருங்க, வந்து விழுந்துடுச்சு. நல்ல கல்லு. ரோடு போடக் கொட்டி வச்சிருக்கானே, அந்த ஜல்லி. காதுப் பக்கம் என்ன, ரத்தமா? காட்டுங்க. ஒண்ணுமில்ல, கண்ணாடி கீறியிருக்கு. கைக்குட்டைய வச்சு அழுத்திக்குங்க.

சட்டை கிழிஞ்சதைப் பாக்காதீங்க. காலரைத் தவிர வேற எதுவும் கைக்குச் சிக்கல. இன்னும் கொஞ்சம் தள்ளி நின்னிருந்தீங்கன்னா நீங்க எனக்குக் கிடைச்சிருக்க மாட்டீங்க, அவனுங்களுக்குக் கிடைச்சிருப்பீங்க.

நானா? வெளியில கத்துறானுங்களே வேன் டிரைவருங்க, அவனுங்களுக்கு நான்தான் தலைவர். சங்கத்தை ஆரம்பிச்சவன். ஏழாவதோட படிப்பு நின்னுபோச்சு, அதுக்கப்புறம் படிச்சதெல்லாம் துண்டறிக்கைதான். படிச்சுப் படிச்சு நானே எழுத ஆரம்பிச்சேன். அடிக்கு அடி, பதில் சொல்லுன்னு ஒரு கோஷம் கேக்குது பாருங்க. நான் எழுதினது. முதலாளி ஆளு வச்சு எங்க பசங்க மண்டைய உடைச்சப்ப எழுதினேன். இன்னிக்கு உங்களுக்காகப் போடறானுங்க. சந்தம் பிசகாம வருது, இல்ல?

கதவு தாங்கும், இரும்பு. கம்ப்யூட்டர் ரூம் பாருங்க, அதான். புள்ளைங்க உக்கார்ற வகுப்புக்கெல்லாம் பலகைக் கதவு, பொட்டிங்க உக்கார்ற வகுப்புக்கு இரும்புக் கதவு. பெரிய டீச்சர் அவங்க ரூம்ல தாழ் போட்டுக்கிட்டு போலீசுக்குப் போன் மேல போன் அடிக்கிறாங்க. வருவாங்க. வர்ற வரைக்கும் பேசிக்கிட்டிருப்போம்.

இந்த வீல் ஸ்பேனரா? நம்ம பையன் ஒருத்தன் கையிலேர்ந்து பிடுங்கினது. உங்களுக்குன்னு கொண்டாந்திருந்தான். மடியிலேயே இருக்கட்டும்.

நான் மிரட்ட வரல தம்பி. நம்ம ரெண்டு பேரையும் எதுக்குக் கூப்பிட்டாங்க இன்னிக்கு? பெத்தவங்க, டீச்சருங்க, வேன்காரங்க மூணு தரப்பும் உக்காந்து பேசி, அடுத்த மடல்ல சமாதானமா ஒரு செய்தி போடணும்னு. மடல்னா, அதோ சுவர்ல ஒட்டியிருக்கே, அதான். பள்ளிச் செய்தி மடல். மாசா மாசம் வீட்டுக்கு வருமே. ஓவியப் போட்டியில ஜெயிச்சவங்க, கழிப்பறைக்குப் புதுக் குழாய், அப்புறம் கீழ கட்டம் கட்டி, பெற்றோர்களுக்கான தொழில்நுட்பக் குறிப்பு. கம்ப்யூட்டர் டீச்சர் எழுதறாங்க. போன மாசக் குறிப்பு ஞாபகம் இருக்கா? இருக்காம எப்படி. வேன் எங்க வருதுன்னு போன்லயே பாக்கலாம், ஒரு நீலப் புள்ளி நகரும், புள்ளி நகரவில்லை என்றால் உடனே வாட்ஸப் குழுவில் தெரிவியுங்கள்.

நல்ல எண்ணத்துலதான் எழுதியிருக்காங்க. அந்தப் பொண்ணைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா ஒரு வரி விட்டுட்டாங்க. அந்தப் புள்ளி வேன் இல்ல. டிரைவரோட போன். போன்ல சார்ஜ் போச்சுன்னா புள்ளி அங்கேயே நிக்கும், வேன் பாட்டுக்குப் போய்க்கிட்டிருக்கும். இதை எழுத எவ்வளவு இடம் ஆகும் சொல்லுங்க? ஓவியப் போட்டியில ஆறுதல் பரிசு வாங்கினவங்க பேரைக் கொஞ்சம் நெருக்கிப் போட்டிருந்தா போதும்.

முந்தாநாள் என்ன நடந்துச்சு? ரோட்ட வெட்டிப் போட்டிருந்தான், அதனால டிரைவர் மூடிக்கிடக்கிற ஓட்டுத் தொழிற்சாலைக்குப் பின்பக்கமா வண்டியைத் திருப்பினான். அங்க டயர் போச்சு. போனும் அணைஞ்சு போச்சு. புள்ளி அந்தப் பாழடைஞ்ச ஆலை மேலயே நின்னுடுச்சு. அவன் என்ன பண்ணான், புள்ளைங்க எல்லாத்தையும் இறக்கி மரத்தடியில உக்கார வச்சான். வண்டியை ஜாக்குல ஏத்தினான். உங்க பொண்ணு இருக்கே, அது டிபன் டப்பா மூடியில நட்டெல்லாம் வாங்கி வச்சுக்கிட்டு நின்னிருக்கு. ஒண்ணு கூட உருண்டு போகக் கூடாது, நீதான் பொறுப்புன்னு அவன் சொல்லியிருக்கான். உங்ககிட்ட சொல்லுச்சா? சொல்லலையா. ரெண்டு நாளா வாயே திறக்கலையா. சரி.

அவன் பேரு கூட புள்ளைங்களுக்குத் தெரியாது, ஹாரன் மாமாதான். வண்டியில ஹாரன் வேலை செய்யாது, வாயாலேயே அடிப்பான். முக்குல திரும்பும்போது பாம்ம்னு ஒரு சத்தம். தெருவே சிரிக்கும். கூட்டம்னாலே ஆகாது அவனுக்கு. ஊர்வலத்துக்கு வாடான்னா, டயர் பஞ்சர் தலைவரேன்னு நக்கலா ஒரு சாக்கு சொல்லிட்டுக் கழண்டுக்குவான். எத்தனை தடவை திட்டியிருக்கேன். கோழைப் பயலேன்னு எல்லார் முன்னாடியும். முந்தாநாள் நெஜமாவே பஞ்சர்.

நீங்க அப்ப எங்க இருந்தீங்க, ஆபீஸ்லயா? புள்ளியைப் பாத்தீங்க. பயந்துட்டீங்க. அதுல தப்பே கிடையாது, நானா இருந்தாலும் பயந்திருப்பேன். அப்ப ஸ்கூலுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். பக்கத்து வேன்காரனைக் கேட்டிருக்கலாம். நீங்க குரல் பதிவு போட்டீங்க. நான் கேட்டேன், திரும்பத் திரும்பக் கேட்டேன். நம்ம புள்ளைங்கள ஆலைப் பக்கம் கடத்திட்டுப் போறான், கிடைச்சத எடுத்துக்கிட்டு ஓடியாங்க. தம்பி, நாப்பது வருஷமா கூட்டம் சேத்தவன் சொல்றேன். அந்தக் கடைசி வரி இருக்கே, கிடைச்சத எடுத்துக்கிட்டுன்னு, அது தொழில் தெரிஞ்சவன் எழுதற வரி. நான் பக்கம் பக்கமா எழுதிக் கொண்டாந்த கூட்டத்தை நீங்க ஒரே மூச்சுல கொண்டாந்துட்டீங்க.

என்ன வித்தியாசம்னா, நான் எழுதினா அடியில என் பேரு இருக்கும், அச்சகத்தோட பேரு இருக்கும். போலீஸ் வந்தா நேரா என் வீட்டுக்கு வரும். உங்க குரல் ஒரு குழுவுலேர்ந்து இன்னொண்ணுக்குத் தாவிச்சு. தெருக் குழு, மார்க்கெட் குழு, உடற்பயிற்சிக்கூடக் குழு. இந்த ஸ்கூல்ல புள்ளையே இல்லாதவன்லாம் வந்து இறங்கினான். உங்க குரல் உங்களுக்கு முன்னாடியே அங்க போயிடுச்சு.

தலைய குனிங்க! ...ட்யூப் லைட்டுதான். போகட்டும். அந்தக் கம்ப்யூட்டரை மட்டும் இப்படி நகத்தி வைங்க, பாவம் புள்ளைங்களது.

மத்தியானம் எவனோ, முந்தாநாள் ஹாரன் மாமாவை அடிச்ச வீடியோவை எங்க டிரைவருங்க குழுவுல போட்டுட்டான். அதனாலதான் வெளியில இந்தக் கூட்டம். நீங்க அதைப் பாத்தீங்களா? பாக்கலையா. நான் பாத்தேன். காலைப் பிடிச்சு வண்டிக்கு அடியிலேர்ந்து இழுக்கறாங்க. ஜாக் சாயுது. வண்டி உக்காருது. அவன் வலது கை இன்னும் உள்ள இருக்கு. கை மாட்டிக்கிட்டிருக்கவனை அடிக்கிறாங்க தம்பி. ஓட முடியாது, தடுக்க முடியாது. முதல் அடி வீல் ஸ்பேனரால விழுது. அடிச்சவன் முகம் தெளிவா தெரியுது. ஆமா. அழாதீங்க. அழுகைய அப்புறம் வச்சுக்கலாம். உங்க பொண்ணு ஓரமா நின்னு அப்பா, மாமா டயர் மாத்துறாருப்பான்னு கத்துது. அந்த மூடியை இன்னும் நெஞ்சோட அணைச்சு வச்சிருக்கு. ஒரு நட்டு கூட விழல. அவன் என்ன சொல்றான் தெரியுமா? காப்பாத்துங்கன்னு சொல்லல. புள்ளைங்க பாக்குதுங்க, அந்தப் பக்கம் கொண்டு போய் அடிங்கன்னு சொல்றான்.

அதுக்கு மேல என்னால பாக்க முடியல.

இருங்க, போன். சொல்லும்மா. ம். ...ம். எப்போ? டாக்டர் வந்து பாத்துட்டாரா? ...சரி. பக்கத்துல யாரு இருக்கா? அத்தைகிட்ட சொல்லிட்டியா? சொல்லாத. நான் வந்து சொல்லிக்கிறேன். நம்ம பசங்க ரெண்டு பேர் வாசல்ல நிப்பாங்க, அவனுங்ககிட்டயும் இப்போதைக்கு மூச்சு விடாத. உக்காரும்மா. தண்ணி குடி. வந்துடறேன்.

ஒண்ணுமில்ல. மருமக. வீட்டு விஷயம்.

எந்திரிடா. ...இல்ல. உக்காருங்க. உக்காருங்க தம்பி, உங்களைச் சொல்லல. ஸ்பேனரைத் தூக்கினேனா? தெரியாம கை போயிருக்கு. பயப்படாதீங்க. இல்ல, பயப்படுங்க, பயந்தா தப்பில்ல. நான் இதை மேசை மேல வச்சுடறேன், அந்த மவுஸ் பக்கத்துல. நீங்களும் அதைப் பாக்காதீங்க, நானும் பாக்கல. 

ஒரு வேலை இருக்கு. எங்க சங்கக் குழுவைப் பூட்டணும். இந்தாங்க என் போன், கண்ணாடி போடாம தெரிய மாட்டேங்குது, நீங்களே அமுக்குங்க. குழு பேர் மேல தட்டுங்க. அமைப்புகள்னு இருக்கா? அதுக்குள்ள, செய்தி அனுப்பறது யாருன்னு. எல்லாரும்னு இருக்கும், அதை மாத்தி நிர்வாகி மட்டும்னு வைங்க. அவ்வளவுதானா? இவ்வளவு சுலபமா? இதைக் கம்ப்யூட்டர் டீச்சர் அந்தக் கட்டத்துல போட்டிருந்தாங்கன்னா முந்தாநாளு உங்க குரல் உங்க தொண்டையிலேயே நின்னிருக்கும். எதுக்கா? கண்டதை எவனாவது போட்டான்னா அந்தக் கதவு தாங்காது, அதுக்குத்தான்.

இப்ப உங்க போனை எடுங்க. பெத்தவங்க குழுவைத் திறங்க. இன்னிக்குக் காலையில என்ன போட்டிருக்காங்க, படிங்க. படிங்க, சத்தமா. என்ன இருந்தாலும் அவன் மேல சந்தேகம் இருக்கத்தான் செய்யுது. கேட்டீங்களா? கை நசுங்கிப்போய், மண்டை பிளந்து ஆஸ்பத்திரியில கெடக்கான், இன்னமும் அவன் கடத்தல்காரன். ஸ்டேஷன்லயோ, அடையாளம் தெரியாத கும்பல்னு எழுதி மூடி வச்சிருக்கான். அடிச்சவன் எல்லாம் மறுநாளு புள்ளையக் கொண்டாந்து கேட்ல விட்டுட்டு, வணக்கம் டீச்சர்னு சொல்லிட்டுப் போறான்.

மைக்கை அமுக்குங்க. பேசுங்க. என்ன பேசறதா? நடந்தது. முதல்ல உங்க பேரு, எந்த வகுப்புப் புள்ளையோட அப்பான்னு.

நிறுத்துங்க, நிறுத்துங்க. நாங்க அடிச்சுட்டோம்னு சொல்லாதீங்க. நான் அடிச்சேன். கூட்டத்துக்குள்ள நின்னுக்கிட்டு நாங்கன்னு சொல்றது சொகமா இருக்கும், மெத்தை மாதிரி. எனக்குத் தெரியாததா. அழிச்சுட்டு மறுபடியும்.

ம்... ம்... புள்ளைங்க மரத்தடியில பத்திரமா இருந்துச்சுங்க, நான் பாத்தேன், பாத்துட்டும் அடிச்சேன். அதைச் சொன்னீங்க பாருங்க. அதை நான் சொல்லச் சொல்லல, நீங்களா சொன்னீங்க. அவன் டயர்தான் மாத்திக்கிட்டிருந்தான், என் பொண்ணு அவனுக்கு உதவி பண்ணிச்சு. போதும். விடுங்க, போகட்டும். ரெண்டு டிக் விழுந்துச்சா? நீலமாகுதா? ஆகட்டும். ஒவ்வொருத்தனா கேக்கட்டும். வெளியில பேசறவன் வாய் அடைக்கிற வரைக்கும் ஓடட்டும்.

ஏன் உங்களைக் காப்பாத்தறேன்னு பாக்கறீங்க. காப்பாத்தல. நீங்க செத்துப் போனீங்கன்னா உங்களுக்கும் ஒரு போட்டோ, ஒரு மாலை, பெத்தவங்க குழுவுல கண்ணீர் அஞ்சலி. நாளைக்கு நீங்களும் பாவப்பட்டவர் ஆயிடுவீங்க. எனக்கு நீங்க உயிரோட வேணும். கோர்ட்டுல உங்க ரெண்டு குரலையும் போடுவாங்க, அந்தக் கிடைச்சத எடுத்துக்கிட்டு ஓடியாங்கவையும், இப்ப பேசினதையும். நீங்க கூண்டுல நின்னு கேக்கணும். நான் முதல் பெஞ்சுல உக்காந்து கேப்பேன். உங்க பொண்ணு வளர்ந்து, எங்கப்பா பொய் சொல்லலன்னு சொல்றதுக்காவது நீங்க இருக்கணும்.

ஜீப் சத்தம். பின் கேட்ல. ரெண்டு பேருதான் வந்திருக்கான், வெளியில இருக்கறது அத்தனை பேரு. இங்கேர்ந்து ஜீப்புக்கு அந்த விளையாட்டு மைதானத்தைத் தாண்டணும். ஓடக் கூடாது. ஓடினா துரத்துவானுங்க. என் தோள் மேல கையைப் போடுங்க. அட, போடுங்க தம்பி, கூச்சப்பட நேரமில்ல. இறுக்கிப் பிடிச்சுக்குங்க. என்னைத் தாண்டி ஒரு கல்லு கூட வராது.

நான் தலைவர்ங்கறதாலயா? தலைவரையெல்லாம் எப்பவோ அடிச்சுட்டானுங்க, போன சங்கத் தேர்தல்ல என் மூக்கை உடைச்சதே நம்ம பசங்கதான். அதுக்காக இல்ல. ஹாரன் மாமாவோட அப்பாவை அடிக்க மாட்டானுங்க.

ஆமா. என் பையன்தான். மருமக போன்ல சொன்னது அதைத்தான், உயிர் அப்பவே போயிடுச்சாம். வெளியில எவனுக்கும் இன்னும் தெரியாது. உங்களை ஜீப்புல ஏத்தி விட்டுட்டு, நான் குழுவைத் திறந்து போடணும். என்ன எழுதறதுன்னுதான் தெரியல.

செருப்பை மாட்டிக்கிட்டு வாங்க. கண்ணாடி கெடக்கு.