வெல்மாரா ஏன் பூட்டினாள்

மொட்டை மாடி ரூம்னா வாடகை கம்மி சார், வெயில்தான் பேஜார். பொத்தேரியில காலேஜ் லீவு விட்டா தெருவே காலியாயிடும். கீழ ஹவுஸ் ஓனர் ஜெயவேலு சாரும் குடும்பத்தோட ஊருக்குக் கெளம்பிட்டாரு. மேல நானும் காலேபும் மட்டும்தான்.

ரெண்டு பேரும் சேந்து யூடியூப் சேனல் நடத்தறோம். ‘சாம்பல் கோட்டை’ன்னு ஒரு வீடியோ கேம், அதைப் பத்தி. அதுல வெல்மாரான்னு ஒரு ராணி வருவா, வில்லி. தன் ஊர் சனத்தை மொத்தமா கோட்டைக்குள்ள வெச்சுப் பூட்டிடுவா. ஏன் பூட்டினான்னு கேம்ல எங்கயும் சொல்லமாட்டாங்க. அதுக்குத்தான் பசங்க கமெண்ட்ல அடிச்சுக்குவாங்க. உங்களுக்குச் சிரிப்பா இருக்கும். எங்களுக்கு சோறு தண்ணி எல்லாம் அதான்.

அவ பாசத்துல பூட்டினான்னு சொன்னது நான். வெளிய நோய் பரவுது, உள்ள இருந்தா பொழைப்பாங்க. அந்த தியரியாலதான் சேனலே வளந்துச்சு. காலேபும் தலையாட்டிகினுதான் இருந்தான். மறைமலை நகர்ல வேலை கெடைச்சதும் பேச்சு மாறிப்போச்சு. “மச்சான், கம்பெனியிலயே ரூம் தர்றாங்க, நான் இதைக் காலி பண்றேன். கடைசியா ஒரு வீடியோ போட்டுட்டுப் போறேன்டா”ன்னான்.

அந்த வீடியோவை எடிட் பண்ண அவன் போனை எங்கிட்டதான் குடுத்தான். பார்த்தேன். “வெல்மாராவுக்குப் பாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. தனியா இருக்க பயம். அவ்ளோதான்.” சிரிச்சுகினே சொல்றான். எனக்கு மனசே விட்டுப்போச்சு சார்.

அவன் பையில துணி மடிச்சுகினு இருந்தப்ப, நான் வெளிய வந்து தாழ்ப்பாள் போட்டேன். இரும்புக் கதவு. கோவத்துல போடல, அதை எழுதிக்கோங்க. உக்காந்து நிதானமா பேசினா அவனுக்குப் புரியும்னு நெனைச்சேன். போற அவசரத்துல இருக்கறவன் எதையும் காதுல வாங்கமாட்டான்.

மொதல்ல சிரிச்சான். அப்புறம் கெட்ட வார்த்தை. அப்புறம், “வெளையாடாதடா சூர்யா, தண்ணி காலிடா, கூரை அனலா கொதிக்குதுடா”ன்னான். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மே மாசம், சூடு இருக்கத்தான் செய்யும். நான் படிக்கட்டு நெழல்ல உக்காந்து என் தியரியை ஆரம்பத்துல இருந்து சொன்னேன். பொறுமையாத்தான் சொன்னேன். “சரிடா, அவ நல்லவதான், நான் ஒத்துக்கறேன், கதவைத் தெறடா”ன்னு அழுதான். வெறுமனே ஒத்துக்கறது எங்க சேனல் குரூப்ல செல்லாது சார். ஏன் ஒத்துக்கறோம்னு காரணம் சொல்லணும். காரணம் கேட்டேன். அவனுக்குச் சொல்லத் தெரியல. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு.

குரூப்ல இன்னொரு வழக்கமும் உண்டு. எதிராளி பதில் போடாம விட்டுட்டா, வாதம் முடிஞ்சுது, விட்டுக்குடுத்துட்டான்னு அர்த்தம். அதுக்கு மேல யாரும் அவனைச் சீண்டக்கூடாது, நாகரிகம் அது. மறுநாள் மத்தியானம் காலேப் கதவைத் தட்டறதை நிறுத்தினான். நானும் சீண்டல. கொஞ்சம் யோசிக்கட்டும்னு கீழ எறங்கிப் போயி, ஜிஎஸ்டி ரோட்டுல அவனுக்குப் புடிச்ச சாத்துக்குடி ஜூஸ் ஐஸ் போட்டு வாங்கிகினு, நிதானமா நடந்து வந்தேன்.

தாழ்ப்பாளைத் தெறந்தேன். கதவை நல்லா அகலமாத்தான் தெறந்து வெச்சேன். அவன் செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்தான். ஜூஸைப் பக்கத்துல வெச்சேன், தொடல. “போறதுன்னா போடா மச்சான், நான் தடுக்கமாட்டேன்”ன்னு சொன்னேன். அசையல. அவன் பையில மடிச்ச துணியையெல்லாம் எடுத்து திரும்ப அலமாரியில வெச்சேன். ஜெயவேலு சார் ஊர்ல இருந்து வந்து கத்தற வரைக்கும் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருந்தோம், ஒரு சண்டை இல்ல.

பூட்டினது நான்தான், தண்ணி குடுக்காததும் நான்தான், ஒத்துக்கறேன். எங்க வேணாலும் கையெழுத்து போடறேன். ஆனா கொலைன்னு மட்டும் எழுதாதீங்க சார். எம்மேல கோவம் இருந்திருந்தா, கதவைத் தெறந்ததுமே அவன் எழுந்து போயிருப்பான்ல?