அனுராதபுரத்துல எறங்கி பஸ்ஸப் புடி

ரயில்லயே கடைசி வரைக்கும் போயிடாத தங்கச்சி. தலைமன்னார்ல கப்பல உட்டு எறங்குனதும் ரயிலு தயாரா நிக்கும், அதுல ஏறித்தான் ஆவணும், வேற வழி கெடையாது. ஆனா அனுராதபுரம் வரும் பாரு, அங்க எறங்கிடு. மாத்தளைக்குத்தானே போற? ரயிலு அங்க நேரா போவாது. தெக்க வெகுதூரம் போயி, எங்கயோ ஒரு ஊருல எறக்கி உட்டு, அப்பறம் மலையேறி கண்டி, கண்டியிலேருந்து மாத்தளைன்னு நாட்டையே சுத்தும். கைப்புள்ளய வச்சிக்கிட்டு வண்டி வண்டியா மாறி சீரழியணும். திரும்பி வர்றப்ப நான் அதுலதான் வந்தேன், பட்டது போதும். பஸ்ஸுன்னா தம்புள்ளை வழியா ஒரே ரோடு.

ஓ, ஒங்க வூட்டுக்காரரு ரயிலடிக்கு வந்து நிப்பாராமா. நிக்கட்டும். புள்ளய தூக்கிச் சொமக்குறது அவரா, நீயா? மாத்தளை கடைவீதியில கேட்டா அவரு கடையக் காட்டிடுறாங்க. நீ முன்னாடியே போயி நின்னா கோவிச்சுக்கவா போறாரு.

இப்புடி நெழலுக்குத் தள்ளி ஒக்காரு. ஒன் வண்டிக்கு நேரம் கெடக்கு. எனக்கும் ஒடையார்பாளையம் பஸ்ஸு கௌம்பணும். ஜப்பான்காரன் சண்டை முடிஞ்சும் இன்னும் கரி பஸ்தான் ஓட்டுறான் இந்த அரியலூர்ல, அடுப்பு மூட்டி புடிக்கிறதுக்குள்ள உச்சிப்பொழுதாயிடும்.

இவனா? ஆறு நடக்குது. முறுக்கெல்லாம் நீட்டாத, வாங்கமாட்டான். கூச்சமும் இல்ல ஒண்ணும் இல்ல, அடுத்தவங்ககிட்ட வாயத் தொறந்தா நாக்குல சூடு இழுப்பேன்னு சொல்லி வச்சிருக்கேன். மணிக்கட்டுல செவந்திருக்குதா? நான் புடிச்ச புடிதான். மூணு நாளா உடல. உட்டா ஓடிடுவான். ஓட்டத்துல சூரன். அதுதான் எனக்கு வேணும்.

பேரு எங்க மாமனாரு பேரு, நான் எப்புடி சொல்லுவேன்? அவனையே கேளு. ம், சொல்லுடா. சொன்னான் பாத்தியா. அதேதான்.

மாமனாரு ஒடையார்பாளையத்துல படுக்கையில கெடக்காரு. வயித்துல கட்டியாம், ஆடி தாண்டாதுன்னுட்டாரு வைத்தியரு. எனக்கு ஆளு உட்டாரு. பேரன் வந்து தோள்ல பானைய வச்சி, மூணு சுத்து சுத்தி எனக்குக் கொள்ளி வைக்கட்டும், வூடும் நெலமும் அவனுக்கு. இல்லன்னா பங்காளி மவன் ராசாங்கம் வைக்கட்டும், எல்லாம் அவனுக்கு. இதான் சேதி. புள்ள பொறந்த தொண்ணூறாம் நாளு என்னைய பூலாம்பாடிக்கு, எங்கம்மா வூட்டுக்கு, அனுப்புனவரு. அதுக்கப்பறம் செத்தியா பொழைச்சியான்னு கேக்கல. இவங்கப்பாவும் அந்த வருசமே சிலோனுக்குப் போனவருதான். அண்ணன் வூட்டு அடுப்படியில ஆறு வருசம் கெடந்தேன் தங்கச்சி. அண்ணி எலையப் போடுறப்ப எம்மொகத்தப் பாக்க மாட்டா. அந்த வூட்டுக்குத் திரும்பிப் போறதவிட கெணறு மேலு.

அதான் இவங்கப்பாவையே கூட்டியாரலாம்னு புள்ளையோட சிலோனுக்குப் போனேன். அனுராதபுரத்துல எறங்கி பஸ்ஸுலதான் போனேன். ரோட்டோரத்துல அவருக்கு டீக்கடை. பஸ்ஸு கடை வாசல்லயே நிக்குது. எறங்குறேன், உள்ளேருந்து ஒரு சிங்களத்தி எங்க மாமனாரு பேரச் சொல்லி சத்தமா கூப்புடுறா. ஆறு வருசமா நான் வாயெடுத்துச் சொல்லாத பேரு. எம்புள்ளைய தம்பின்னுதான் கூப்புடுவேன். அவ கூப்புட்டதும் ரெண்டு பய திரும்பிப் பாக்குறானுவ. ஒண்ணு என் இடுப்புல, ஒண்ணு கடை வாசல்ல. மூத்த பையனுக்கு அப்பன் பேரு வைக்கணும்ல, ரெண்டு எடத்துலயும் வச்சிட்டாரு மனுசன்.

சண்டையெல்லாம் போடல. அவ பேரு சோமாவதியாம். எட்டு நாளு சோறு போட்டா. எம்புள்ள காலுக்கு ஏதோ எலைய அரைச்சி, எண்ணெயில காய்ச்சி, காலையில ஒருக்கா சாயந்தரம் ஒருக்கா நீவி உட்டா. ரெண்டு பயலுக்கும் ஒரே துணியில சட்டை தச்சுப் போட்டா. நான் எட்டு நாளும் பாத்துக்கிட்டே இருந்தேன். நல்ல பொம்பள, கொறை சொல்ல முடியாது. அவருதான் ஊருக்கு வரமாட்டேன்னுட்டாரு. அப்பன் மொகத்துல முழிக்கமாட்டாராம்.

அப்ப ஏன் நான் ரயில்ல வந்தேன்னு கேக்குறியா? நல்ல கேள்விதான். பஸ்ஸு அந்தக் கடை வாசல் வழியாதானே போவுது, இவனை வச்சிக்கிட்டு எப்புடி வர்றது? ரயிலு ஊரச் சுத்துனாலும் தெரிஞ்ச மொகம் ஏறாது. பொம்பளைங்க பொட்டியில கதவ அடச்சிக்கிட்டா யாரு கேக்குறா. கண்டி வரைக்கும் அம்மே அம்மேன்னு கத்துனான். ஒங்கம்மாவுக்கு நீ வேணாமாம், அந்தக் காலு சூம்புனவந்தான் வேணுமாம்னு சொன்னேன். வாய மூடிட்டான். அப்பன் தமிழ் பேசுறதால எல்லாம் வெளங்கும் இவனுக்கு. இப்பவும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான், கேக்கட்டும்.

ஏன் அப்புடிப் பாக்குற?

எம்புள்ளைக்கி ரெண்டு வயசுல சுரம் வந்து வலது காலு விழுந்துடுச்சு தங்கச்சி. பானையத் தூக்கிட்டு மூணு சுத்து எங்க, மூணு அடி வைக்க மாட்டான். மாமனாரு அவனைப் பாத்தா வாசல்லயே நிறுத்திடுவாரு, என்னையும் சேத்து. இவன் நிமுந்து நடக்குறான். மூக்கு முழியெல்லாம் அவரு மவனேதான். கப்பல்ல பேரக் கேட்டாங்க, பாஸுல எழுதியிருந்த பேரையே சொன்னான். ஒரு வயசு கொறையும், வளத்தியில தெரியல. இவங்கப்பா தேடிக்கிட்டு வந்தா வரட்டும். அதுக்காகத்தானே அங்க ஒருத்தரு உசுர வச்சிக்கிட்டுக் கெடக்காரு.

ரெண்டு பயலையும் மாத்தளைக்குக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன்னுதான் சோமாவதிகிட்ட சொன்னேன். அவளே தலைவாரி அனுப்புனா. சாமி கும்புட்டோம். அப்பறம் எம்புள்ளைய பஸ்ஸுல ஏத்தி, கடை வாசல்ல எறக்கி உட்டுடுங்கன்னு கண்டக்டருகிட்ட சொன்னேன். நடக்க முடியாத புள்ளைக்கி பஸ்ஸுதானே நல்லது, வாசல்லயே எறக்குவான். சன்னலோரம் வேணும்னான். வச்சேன். பஸ்ஸு நவுந்ததும் நான் இவனை இழுத்துக்கிட்டு ரயிலடிக்கு நடந்துட்டேன்.

எந்திரிக்காத, ஒக்காரு. ஒன்னைய ஒண்ணும் கேக்கல. பஸ்ஸுல போ, அவ்வளவுதான். மாத்தளைக்கு முன்னாடி நாலந்தான்னு ஒரு ஊரு, அதத் தாண்டுனதும் ஒரு வளைவு வரும். எஞ்சினுக்குத் தண்ணி ஊத்த அந்தக் கடை வாசல்லதான் நிறுத்துவான். காலு சூம்புன ஒரு பய சாக்கு மேல ஒக்காந்திருப்பான். தின்ன எதுவும் குடுக்க வேணாம், அவ குடுப்பா. எனக்குக் காயிதமும் போடவேணாம். தமிழ்ப் பொம்பளையக் கண்டா கிட்ட வந்து கேப்பான், அம்மா எங்கன்னு. அடுத்த பஸ்ஸுல வருதுன்னு சொல்லு. நானும் அதத்தான் சொல்லி ஏத்தி உட்டேன். நீ மாத்திச் சொல்லிடாத.