மூணாவது முடிச்சுக்குப் போன சைக்கிள்

இட ஒதுக்கீடு கேட்டுப் புளியமரத்தை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். உளுந்தூர்பேட்டை போகிற எங்கள் பஸ் எலவனாசூர்கோட்டைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பட்டுப்புடவை கட்டிய ஒருத்தி, பழைய சைக்கிளோடு நின்ற புருஷனிடம் சொன்னாள்:

“லூசு தலையிலதான் கீது.”

“யாருக்கு?”

“சைக்கிளுக்குத்தான்யா. நம்மூரு மலைப்பாதையில ஓட்டி ஓட்டி முன்பக்கம் ஆடுது.”

“நீ பின்னால ஒக்காந்தா எதுதான் ஆடாது?”

“முன் பிரேக்கப் புடிச்சிக்கினு தள்ளிப் பாரு.”

தள்ளினான். ஹேண்டில்பாருக்குக் கீழே டொக் டொக்கென்றது.

“ஆமாண்டி, ஹேண்டில்பாரு சுத்துற கப்புதான் லூசு.”

“சீக்கிரம் முறுக்கு. தம்பி கல்யாணத்துல மூணாவது முடிச்சு நான்தான் போடணும்.”

எங்கள் டிரைவரிடம் ஸ்பானர் வாங்கி, மேல் நட்டைத் தளர்த்தி, அடியிலிருந்த கப்பை இறுக்கினான். இப்போது ஹேண்டில்பார் திரும்பவே இல்லை.

“உன்ன மாதிரியே வளைய மாட்டேங்குது.”

“கொஞ்சம் வுட்டுக்குடு. அதுக்குந்தான், எனக்குந்தான்.”

கப்பைக் கொஞ்சம் தளர்த்தி, நட்டை இறுக்கினான். ஆட்டம் நின்றது. அவளை ஏற்றிக்கொண்டு மரம் வரை மிதித்தான். மறியல்காரர்களே சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள்.

“கல்யாணத்துல இன்னா சாப்பாடுக்கா?” என்றான் ஒருவன்.

“வெறும் ரசம். காய்கறி லாரியத்தான் நீங்க நிறுத்தி வெச்சிக்கினு கீறீங்களே!”