தனுஷாவை வேலைக்கு வைத்த விதம்

சிறிய வியாபாரத்துக்கு நல்ல வெப் டெவலப்பர் கிடைப்பது குதிரைக்கொம்பு. மட்டக்களப்பு வாவிக்கரையில் சுற்றுலாக்காரர் தங்குவதற்கு நாலு அறை வைத்திருக்கிறேன். "சுலோஜனா, உன்ட வெப்சைட்ட ஆரு செஞ்ச?" என்று கேட்காத ஆள் இல்லை. இதுவரை சிரித்து மழுப்பிவந்தேன். உங்களிடம் சொல்வதற்கு என்ன.

முதலில் சித்தப்பாவின் மகன் நிதுர்ஷன் செய்து தந்தான். வாவிக்குப் பதிலாக மாலைதீவுக் கடலின் படத்தைப் போட்டிருந்தான். வந்திறங்கிய வெள்ளைக்காரர் தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்தது கொழும்பில் ஒரு கம்பனி. அவர்கள் செய்ததில் அறை பதியப் போனால் யாருடையதோ கல்யாண மண்டபம் வந்து நின்றது. மூன்றாவது ஆள் பேர்னாட் கெட்டிக்காரன்தான். ஆனால் பாஸ்வேர்ட்டையும் கொண்டு கட்டாருக்குப் போய்விட்டான். கனகாலம் என் சொந்த வெப்சைட்டுக்கு வெளியே நானே நின்றேன்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. கெட்டித்தனம் மட்டும் போதாது, விட்டுப் போகாத ஆளாகவும் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். ஆகவே சொந்த வீடுள்ள, கல்யாணமாகாத குமர்ப்பிள்ளையாகத் தேடினேன். கிரானில் தனுஷா கிடைத்தாள். கம்பஸில் படித்தவள். தகப்பன் சீதனத்துக்குக் கட்டிய வீடு பூச்சுப் பூசித் தயாராக நின்றது. நேர்முகத்தில் நான் அதிகம் கேட்டது அந்த வீட்டைப் பற்றித்தான்.

பிள்ளை தங்கம். அவள் வந்த மாதமே எல்லாம் சீராகிவிட்டது. மழைக்காலத்தில்கூட அறைகள் நிறைந்தன. என்னை அக்கா என்றே கூப்பிடுவாள். நானும் அவளைக் கூடப்பிறந்தவளாகத்தான் நினைத்தேன். மத்தியானச் சோறு என் வீட்டில்தான்.

பிறகு தனோஜன் வந்தான். வாகரைப் பொடியன், கனடாவில் வேலை. சாதகம் பொருந்தியது. போனில் கதைத்துக் கதைத்து மனமும் பொருந்திவிட்டது. தனுஷா கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்து தனியே சிரிப்பாள். "அங்க ஒரே பனியாம் அக்கா, என்னண்டு இருக்கப் போறனோ தெரியா," என்பாள். கனடாக்காரன் கிரான் வீட்டில் வந்து குந்துவானா? நான் போட்ட கணக்கு முழுவதும் பிழையாகிப்போனது.

மாப்பிள்ளையின் தாய் கண்ணகை என்னிடம் விசாரிக்க வந்தார். வேலை செய்கிற இடத்தில் கேட்டால் உண்மை தெரியும் என்பது எல்லாருடைய நம்பிக்கை. தேத்தண்ணி கொடுத்தேன்.

"புள்ள எப்படி மகள்? மறைக்காமச் சொல்லு."

"தங்கமான புள்ள, மாமி. மருந்த மட்டும் நேரத்துக்குப் போட்டாச் சரி, ஒரு கரைச்சலும் இல்ல."

"என்ன மருந்து?"

"ஐயோ, உங்களுக்குச் சொல்லல்லையா? நான் சொன்னதெண்டு கதைச்சிராதீங்க மாமி."

வேறொன்றும் நான் சொல்லவில்லை. பிள்ளையில் ஒரு குறைகூடப் பிடிக்கவில்லை. கண்ணகை தேத்தண்ணியை முடிக்காமல் எழும்பிப் போனார். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. வலிப்பு என்றார்கள், பேய் என்றார்கள், கம்பஸ் கிணற்றில் குதித்தவள் என்றுகூடச் சொன்னார்கள். தனோஜன் போன் எடுப்பதை நிறுத்தினான். பிறகு வந்த சம்பந்தங்கள் வாசல் படலையோடு திரும்பின. அவளுடைய தங்கச்சிக்குப் பேசியிருந்த சம்பந்தமும் குழம்பியது.

காரணம் தெரியாமல் தனுஷா என் மடியில் கிடந்து அழுதாள். "நீங்க மட்டுந்தான் அக்கா என்னை ஒரு மனிசியா மதிக்கிறீங்க," என்றாள். எனக்கும் கண் கலங்கியது. சத்தியமாக அது நடிப்பில்லை.

இப்போது அவள் வெளியே போவதில்லை. என்னிடமே ஒரு அறையை ஒதுக்கிக் கொடுத்துவிட்டேன். வெப்சைட் ஒரு நாளும் படுத்ததில்லை. நித்திரை இல்லாமல், சோறு இறங்காமல், சுவரைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கியவளை நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் மாத்திரை எழுதித் தந்தார், நேரம் தவறாமல் போட வேண்டுமாம். நான் கையில் வைத்துக் கொடுத்தால்தான் விழுங்குகிறாள். ஆகவே கண்ணகையிடம் நான் பொய் சொன்னதாக யாரும் சொல்ல முடியாது. கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.